ஆறு நாற்பதுக்கு வந்தவள்

என் பெரியம்மா மகள் ஞானமணி, ஆலங்குடியில் தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அந்த ஆஸ்பத்திரியின் கோப்பில் இதற்கு நேர்மாறாக எழுதி, முத்திரை குத்தி, மூன்று முறை வைத்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். படுக்கை கிடையாது. இரண்டு டாக்டர், ஒரு லேப், ஒரு மருந்துக்கடை, வாசலில் ஒரு வேப்பமரம். காலை ஏழரைக்கு ஓ.பி. தொடங்கும். ஆறரைக்கே ஜனம் வந்துவிடும். சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்தவர்கள், கடலைக் காட்டில் பூச்சி கடித்தவர்கள், இருமுகிற பிள்ளையைத் தோளில் போட்டு வந்தவர்கள். அவர்கள் முதலில் பார்க்கிற முகம் ஞானமணியின் முகம்தான். சீட்டில் பேர் எழுதும்போதே, "போன தடவை இட்லி தின்னுட்டு வந்து ரத்தம் குடுத்தீங்க. இன்னைக்காவது வெறும் வயிறா?" என்று கேட்பாள். அதையெல்லாம் எந்தக் கம்ப்யூட்டரும் அவளுக்குச் சொல்லவில்லை.

வயது நாற்பத்தாறு. பன்னிரண்டாவது முடித்து, தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். எஸ்.டி.டி. பூத்தில் இருந்தாள், ஜெராக்ஸ் கடையில் இருந்தாள், பிறகு பதினொரு வருஷமாக இந்த வரவேற்பு மேசை. கணவர் மரியசெல்வம் தேங்காய் மண்டியில் லோடு ஏற்றுகிறார். ஒரே மகள் ஷர்லி திருச்சியில் நர்சிங் படிக்கிறாள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு புதுக்கோட்டைத் தலைமை அலுவலகத்திலிருந்து சூர்யபிரகாஷ் என்று ஒரு மேனேஜர் வந்தார். வந்ததும் வருகைப் பதிவேட்டை எடுத்துவிட்டார். இனிமேல் ஆஸ்பத்திரி சாஃப்ட்வேரில் பேரும் பாஸ்வேர்டும் போட்டு உள்ளே நுழைகிற நேரம்தான் வேலைக்கு வந்த நேரம். ஞானமணிக்கு ஏழு மணி டூட்டி. பத்து நிமிஷம் சலுகை. ஏழு பத்தைத் தாண்டினால் திரையில் சிவப்பு எழுத்தில் லேட் என்று வரும். மூன்று லேட்டுக்கு ஒரு லீவு போகும்.

முதல் வருஷமே அவளுடைய லீவெல்லாம் போயிற்று. ஷர்லியைக் கல்லூரியில் சேர்த்த நாளில் கூடப் போக லீவு இல்லை. தகப்பன்தான் போனார். கையெழுத்து எங்கே போடுவது என்று தெரியாமல் நாலு தடவை போன் பண்ணினாராம். அந்த நாலு போனையும் ஞானமணி வரவேற்பு மேசையில் உட்கார்ந்து எடுத்தாள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, மூன்றாவது மெமோவைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். எட்டாவது வரை தமிழில் படித்து, பிறகு இங்கிலீஷுக்கு மாறியவன் என்பதால் எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் கடிதம் என்றால் என்னிடம்தான் வரும். சனிக்கிழமை மதியம் விசாரணை. திருப்தியான விளக்கம் இல்லையென்றால் வேலையிலிருந்து நீக்கப்படுவீர்கள் என்று கடைசி வரியில் இருந்தது.

வேலை பெர்மிட்டைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பிழைக்கிறவனுக்கு மெமோ என்றால் ஒரே ஒரு பதில்தான் தெரியும். பணிவான மன்னிப்புக் கடிதம் ஒன்றை எழுதி, கீழே அதன் தமிழ் அர்த்தத்தையும் போட்டு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது.

"நான் லேட்டா வந்தேன்னு ஒன்கிட்ட யாருடா சொன்னா?"

"மெமோவுல இருக்குக்கா."

"மெமோவுல என்னமோ ஹாபிச்சுவல்னு போட்ருக்கே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"பழக்கமாவே லேட்டா வர்ற ஆளுன்னு…"

"முதல் பஸ்ஸுல பூக்கூடைக்கு நடுவுல நின்னுக்கிட்டே வாரேன். ஆறு நாப்பதுக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன். அதுக்கு முன்னாடி வரணும்னா நான் நடந்துதான் வரணும். ஒனக்குக்கூட அது தெரியலயாடா பெலிக்ஸ்? மன்னிப்பு எழுதி அனுப்புற?"

"அப்ப ஏழு பதினாறு, ஏழு பதினெட்டுன்னு எப்படிக்கா வருது?"

"மெஷினு எந்திரிக்கிறதுக்கு அவ்வளவு நேரமாகுது. போன மெமோவுக்கும் இதைத்தான் சொன்னேன், எடுபடல. நான் வந்துட்டேன், அது வரல. அதுக்கு மெமோ குடுக்கச் சொல்லு."

நான் மறுநாள் காலை வேலையிடத்து மாடிப்படியில் நின்று வீடியோ காலில் அதைப் பார்த்தேன். ஒவ்வொருவரும் அதை ஒரு முறை பார்த்திருக்க வேண்டும். மூன்று வருஷத்தில் ஒருவரும் பார்க்கவில்லை.

ஆறு நாற்பதுக்கு வாட்ச்மேன் கருப்பன் மெயின் சுவிட்சைப் போட்டார். ஒரு கோடையில் இடி விழுந்து எக்ஸ்ரே மெஷின் கருகிப்போனதிலிருந்து தினமும் சாயங்காலம் மெயினை இறக்கிவிடுவது அங்கே வழக்கம். லேப் ஃபிரிட்ஜுக்கு மட்டும் தனி லைன். அதனால் ஞானமணியின் கம்ப்யூட்டர் தினமும் செத்துத் தினமும் பிறக்க வேண்டும். அதுவோ லேப்பில் ஓட்டித் தேய்த்து, இனி ஆகாது என்று வரவேற்புக்குத் தள்ளிவிட்ட பழைய மெஷின்.

ஆறு நாற்பத்திரண்டுக்கு பட்டனை அழுத்தினாள். போனைப் பேனா ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு மேசையைத் துடைத்தாள். ஜனம் நெருங்கியது. பழைய கேஸ் ஷீட்டுகளின் பின்பக்கத்தைக் கிழித்து நம்பர் எழுதி டோக்கன் கொடுக்க ஆரம்பித்தாள். ஆறு நாற்பத்தொன்பதுக்குப் பாஸ்வேர்டு கேட்டது. ஐம்பத்தைந்துக்குப் படங்கள் தெரிந்தன. பிறகு ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்துகொண்டு வந்தன. பிரிண்டர் காணவில்லை என்று ஒன்று. புதுப்பிக்கவா என்று ஒன்று. யாருடைய செல்போனையோ தேடிக்கொண்டு ஒன்று. ஏழு ஐந்துக்குத் திடீரென்று நாதஸ்வரம்.

"என்னக்கா அது?"

"பஞ்சாங்கம். பழைய மேனேஜர் போட்டது. ராகு காலம் சொல்லும்." கை நிற்காமல் டோக்கன் எழுதியது. "ஏழாம் நம்பர் யாருங்க? இங்கிட்டு வாங்க. அங்கிட்டு காத்தே இல்ல."

ஏழு பதினொன்றுக்கு எட்டுக் கட்டங்களில் கேமராக் காட்சி திறந்தது. வாசல், மாடிப்படி, மருந்துக்கடை, ஒன்றில் ஞானமணியின் உச்சந்தலை. ஊழியர்கள் நேரத்துக்கு வருகிறார்களா என்று பார்க்க சூர்யபிரகாஷ் வைத்தது. பதிவு செய்கிற ஹார்ட் டிஸ்க் போய் மாதக்கணக்காகிறதாம், நேரலை மட்டும்தான். அவர் புதுக்கோட்டையிலிருந்து ஒன்பதரைக்கு வந்து அதைப் பார்ப்பார்.

ஏழு பதினாறுக்கு ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் அவள் பேரை ஏற்றுக்கொண்டது. சிவப்பு எழுத்து. லேட். அதற்குள் பத்தொன்பது பேருக்கு டோக்கன் கொடுத்திருந்தாள்.

எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இவள் கையால் டோக்கன் எழுதாமல் சும்மா உட்கார்ந்திருந்தால், முதல் வாரமே ஜனம் கத்தியிருக்கும், மெஷினை மாற்றியிருப்பார்கள். ஒருவரும் கத்தாதபடி வேலையை முடித்தாள். அதனால் மெஷினின் குற்றம் வெளியே தெரியவில்லை, இவள் தலையில் விடிந்தது.

"இதையெல்லாம் யாருக்கா உள்ள போட்டது?"

"ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு. லேப்ல இருந்த புள்ள கல்யாண ஆல்பம் பாக்க ஒண்ணு போட்டுச்சு. சர்வீஸ் பண்ண வந்த ஆளு ரெண்டு போட்டான்."

"தேவையில்லாததை எடுத்துவிட வேண்டியதுதானே?"

"அதெப்படி எடுக்கிறது? விசேஷ வீட்டுல நாலு வீட்டுப் பாத்திரம் கிடக்கும். பேரு வெட்டியிருக்கும். நம்ம இடத்தை அடைக்குதுன்னு அடுத்த வீட்டு அண்டாவத் தூக்கித் தெருவுல வைப்பியா? மேனேஜர் போட்டதை நான் எடுத்தேன்னு வச்சுக்க, அதுக்குத் தனி மெமோ."

ஆயுத பூஜைக்கு அந்த மெஷினுக்குச் சந்தனம் வைத்து மாலை போடுவார்கள். சர்வீஸ் ஆள், "எதையும் தொடாதீங்க, பேஷண்ட் டேட்டா போயிரும்" என்று சொல்லிவைத்திருந்தான். தொடக்கூடாத சாமான், அடுத்தவர் சாமான். அவள் மட்டும் இல்லை, அந்த ஆஸ்பத்திரியில் யாருமே எதையும் எடுத்ததில்லை. போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் மறுபடி கூப்பிடச் சொன்னேன். கீழே இருக்கும் பட்டையில் ரைட் கிளிக் செய்து டாஸ்க் மேனேஜரைத் திறக்கவைத்தேன். அதில் ஸ்டார்ட்அப் என்று ஒரு பக்கம். மெஷின் எழுந்ததும் கூடவே எழுகிறவர்களின் பட்டியல் அது. இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். எடைக்குப் போட்டுவிட்ட இரண்டு பிரிண்டர்களின் ஆட்கள் இன்னமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். தமிழ் தட்டச்சுக்கு மட்டும் மூன்று. கம்ப்யூட்டரை வேகமாக்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டு தாங்களும் வரிசையில் முட்டிக்கொண்டு நின்றவை இரண்டு.

"எடுக்கிறதுன்னா அழிக்கிறது இல்லக்கா. அண்டா அவங்கது, அங்கேயேதான் இருக்கும். காலையில அதுவா அடுப்புல ஏறாது. வேணும்னா அவங்களே வந்து ஏத்திக்கட்டும்."

"அப்ப சரி," என்றாள். பேஷண்ட் விவரத்துக்கும் வைரஸ் தடுக்கிறதுக்கும் சம்பந்தப்பட்ட மூன்றை மட்டும் விடச் சொன்னேன். மற்ற பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து டிஸேபிள் அழுத்தினாள். பஞ்சாங்கத்தில் மட்டும் கொஞ்சம் நின்றாள். "கருப்பண்ணன் ராகு காலம் கேப்பாரேடா." பிறகு அதையும் அழுத்தினாள்.

வெள்ளிக்கிழமை மெஷின் மூன்று நிமிஷத்தில் எழுந்தது. ஆறு நாற்பத்தைந்துக்கு அவள் பேர் பதிவானது. மூன்று வருஷத்தில் முதல் பச்சை எழுத்து. அதைப் படம் பிடித்து அனுப்பினாள். நான் மாடிப்படியில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன், பத்து மணிக்கு அவள் போன் வரும்வரை.

"மேனேஜர் வந்தார்டா. எல்லாரும் இருக்கையில சொல்றார். 'பாத்தீங்களா மேடம், மெமோ குடுத்தா மட்டும் ஆறு நாப்பத்தஞ்சுக்கே வர முடியுது. அப்ப இத்தனை நாளா வேணும்னேதானே லேட்டா வந்தீங்க?'ன்னு."

அவசரப்பட்டு நான்தான் அவள் சாட்சியைக் கலைத்திருக்கிறேன். மெஷின் மெதுவானது என்று இனி யாரிடம் சொல்வது? நாளைக்கு அவர்கள் பட்டனை அழுத்திப் பார்ப்பார்கள், மூன்று நிமிஷத்தில் எழும், இவளைப் பொய்க்காரி என்பார்கள்.

"நீ என்ன சொன்னே?"

"மெஷினு ஸ்லோவா இருந்துச்சு சார்னேன். 'சிஸ்டம் பொய் சொல்லாது மேடம், மனுஷங்கதான் சொல்வாங்க'ன்னார்."

"அக்கா, பேசாம ஒரு வரி சாரி எழுதிக் குடுத்துருவோம். வேலை இருந்தாப் போதும். ஷர்லி படிப்பு முடியட்டும்…"

"எழுத மாட்டேன்."

"அக்கா…"

"பதினோரு வருஷம் அந்த மேசையில ஒக்காந்திருக்கேன். ஏமாத்துக்காரின்னு எழுதி நானே கையெழுத்துப் போடவா? அதுக்குப் போயி கடலை பறிப்பேன்." பிறகு குரலை இறக்கி, "ஒண்ணு மட்டும் சொல்லு. நேத்து எடுத்ததைத் திருப்பி அப்படியே வைக்க முடியுமா?"

"முடியும். டிஸேபிள் இருந்த இடத்துல எனேபிள்னு இருக்கும். எதுக்குக்கா?"

"வச்சாப் பழையபடி ஆயிருமா?"

"ஆயிரும்."

"போதும். போனை வையி."

சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு ஓ.பி. முடிந்தது. வரவேற்பிலேயே, பெரிய டாக்டர் முன்னால் விசாரணை. வீடியோ காலைப் போட்டுப் போனை மேசையில் கிடத்தியிருந்தாள். எனக்குத் தெரிந்தது ஒரு மின்விசிறி மட்டும். குரல்கள் நன்றாகவே கேட்டன.

"விளக்கம் எழுதிட்டு வந்திருக்கீங்களா மேடம்?" என்றார் சூர்யபிரகாஷ்.

"எழுதல சார். காட்டுறேன். டாக்டர், வியாழக்கிழமை காலை வரைக்கும் இந்த மெஷின் எப்படி இருந்துச்சோ, அப்படியே இப்பத் திருப்பி வச்சு ஆஃப் பண்ணியிருக்கேன். வியாழக்கிழமை மத்தியானம் நான்தான் சரி பண்ணுனேன். ஒளிக்கல. சார் என் சேர்ல ஒக்காரட்டும். அவர் பேர்லயே லாகின் பண்ணட்டும். அவர் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார்னு மெஷினே சொல்லட்டும்."

"இதெல்லாம் டிராமா டாக்டர்."

"உக்காருங்களேன், பாப்போம்," என்றார் பெரிய டாக்டர்.

"கருப்பண்ணே, மணி என்ன?"

"ஒண்ணு முப்பத்தஞ்சு ஆத்தா," என்றார் கருப்பன்.

பட்டன் அழுத்துகிற சத்தம் கேட்டது. மின்விசிறி சுற்றியது. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம்.

"நெட் ஸ்லோ போல இருக்கு," என்றார் சூர்யபிரகாஷ்.

"நெட்டு இன்னும் வரவே இல்ல சார்," என்றார் கருப்பன். "மெஷினே இன்னும் முழிக்கல. பாதித் தூக்கத்துல இருக்கு."

"நீங்களே வேணும்னு இதுல எதையாவது ஏத்தி ஸ்லோ பண்ணியிருக்கலாமே மேடம்? வியாழக்கிழமைக்கு முன்னாடி இப்படித்தான் இருந்துச்சுங்கறதுக்கு என்ன ப்ரூஃப்?"

அந்த மன்னிப்புக் கடிதத்தை இப்போதே அனுப்பிவிடலாமா என்று கைபேசியில் தேட ஆரம்பித்திருந்தேன்.

அப்போது நாதஸ்வரம் ஒலித்தது.

"இந்தச் சத்தம்!" என்றார் பெரிய டாக்டர். "தினமும் நான் ஏழு அஞ்சுக்குக் காரை நிறுத்தையில இதுதான் கேக்கும். நேத்தும் இன்னைக்கும்தான் கேக்கல. என்னடா கேக்கலயேன்னு நெனச்சேன். ஞானமணி, நீதான் பக்தியாப் பாட்டுப் போடுறேன்னு இத்தனை நாளும் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"டாக்டர், நான் வேதக்காரி. சர்ச்சுக்குப் போறவ எதுக்கு நாதஸ்வரம் போடப் போறேன்?"

கருப்பன் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

"இப்ப மணி என்ன?"

"ஒண்ணு அம்பத்தெட்டுங்க."

"அப்ப இருபத்து மூணு நிமிஷம்." டாக்டர் மெதுவாகக் கணக்குப் போட்டார். "ஏழு அஞ்சுக்கு நாதஸ்வரம்னா, ஆறு நாப்பத்திரண்டுக்குப் பட்டன் அழுத்தியிருக்கணும். தினமும்."

"தினமும் டாக்டர்," என்றாள் ஞானமணி.

கேமராவின் எட்டுக் கட்டமும் திறந்திருக்க வேண்டும். "இது யார் போட்டது?" என்று டாக்டர் கேட்டார். "சூர்யபிரகாஷ், இது நீங்க போட்டதுதானே? ஆள் எப்ப வர்றாங்கன்னு பாக்க?"

இரண்டு ஒன்பதுக்கு அவர் பேர் பதிவானது. கருப்பன் சத்தமாகவே சொன்னார்: "சார் லேட்டு."

ஞானமணி நாற்காலியை வாங்கி உட்கார்ந்து, பத்தொன்பதையும் மறுபடி நிறுத்தி, மெஷினை அணைத்துப் போட்டாள். மூன்று நிமிஷம்.

"சரி, விட்ருங்க," என்றார் டாக்டர். "அந்த மெமோவைக் கிழிச்சுப் போட்ருங்க."

"கிழிக்க வேணாம் டாக்டர். மூணு மெமோவும் ஃபைல்ல இருக்கட்டும். மூணுலயும் இவங்க லேட்டா வரலன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

"எழுதலாம் மேடம்," என்றார் சூர்யபிரகாஷ், தாழ்ந்த குரலில். "ஆனா போன லீவையெல்லாம் திருப்பிக் குடுக்க முடியாது. பழைய தேதிக்கு என்ட்ரி போட சிஸ்டத்துல ஆப்ஷன் இல்ல."

இதை எழுதும்போதும் எனக்குக் கொதிக்கிறது. பிடுங்குவதற்கு ஒரு வழி இருந்திருக்கிறது, திருப்பித் தருவதற்கு வழி வைக்கவில்லை. யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. இங்கிலீஷில் மன்னிப்பு எழுதத் தெரியாத மேனேஜரா அவர்? ஷர்லி கல்லூரியில் சேர்ந்த நாளை எந்தப் பட்டனை அழுத்தி எடுப்பது?

மூன்று மெமோவிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். டாக்டர் தமிழில் எழுதினார். சாயங்காலம் ஞானமணி போன் பண்ணி, "மெமோ இங்கிலீஷ்ல இருக்கு, இது தமிழ்ல இருக்கு. நாளைக்குப் புதுசா ஒருத்தன் வந்து இதைப் படிக்கத் தெரியாதுன்னு சொல்லுவான். இதையும் இங்கிலீஷ்ல எழுதி அனுப்பு. சீல் வாங்கிக்கிறேன்," என்றாள். எழுதினேன். ஒரே வரி. அந்த மன்னிப்புக் கடிதத்தை அழித்துவிட்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து வாட்ச்மேன் மேசையில் ஒரு நீளநோட்டு கிடக்கிறதாம். பேனாவை நூலில் கட்டியிருக்கிறார் கருப்பன். டாக்டர் உட்பட எல்லாரும் வந்ததும் முதலில் அதில் நேரம் எழுத வேண்டும். சூர்யபிரகாஷ் ஒன்பதரைக்கு வந்து ஒன்பது என்று எழுதப்போக, "கடிகாரம் மேல இருக்கு சார், பாத்து எழுதுங்க," என்று கருப்பன் சொன்னாராம்.

"இனிமே ஆறே முக்காலுக்கே எல்லாம் ரெடி," என்றேன் நான். "மிச்ச நேரம் என்னக்கா பண்ணப் போற?"

"நான் எதுக்குடா ஆறே முக்காலுக்கு வரணும்? டூட்டி ஏழு மணிக்குத்தானே? அடுத்த பஸ்ஸுல வாரேன். ஆறு அம்பத்தஞ்சுக்கு எறக்கி விட்ருவான். அதுல ஒக்கார எடம் இருக்கு."